ஆறு மணிக்கு இறங்கும் சட்டர்

வாசகர் கேள்வி: எனக்கு வயது 42. கொழும்பு கொட்டாஞ்சேனையில் குடும்பத்தோடு வசிக்கிறேன். பழைய சோனகத் தெருவில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் 14 வருடங்களாக வேலை செய்கிறேன். குடியை விட்டு ஏழு மாதங்கள் ஆகின்றன. அரசாங்க வைத்தியசாலையில் மாதம் ஒரு தடவை கிளினிக் போகிறேன். ஆனால் மாலை ஆறு மணிக்குக் கடைச் சட்டரை இழுத்து இறக்கும் சத்தம் கேட்டவுடன் நாக்கு வறண்டுவிடுகிறது. பழைய நண்பர்கள் சந்தியில் நிற்பார்கள். மனைவியின் அண்ணன் திருகோணமலை உப்புவெளியில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறார். கடையைப் பொறுப்பெடுக்க வரச் சொல்கிறார். தைப்பொங்கலுக்கு முன் பதில் வேண்டுமாம். என் குடிப்பழக்கம் அவருக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. என்னை ஒருவரும் அறியாத ஊரில் புதிதாகத் தொடங்க விரும்புகிறேன். மகள் தரம் 10, மகன் தரம் 4. மனைவி வீட்டில் தையல் வேலை செய்கிறார். அவருடைய தாயார் இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறார். மனைவி வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் நான் மட்டும் போய் ஓர் அறை எடுத்துத் தங்கி, பிறகு அவர்களை அழைக்கலாமா?

அன்புள்ள சகோதரருக்கு,

ஏழு மாதங்கள் என்று நீங்கள் ஒரு சொல்லில் எழுதிவிட்டீர்கள். அது ஏறத்தாழ இருநூறு மாலைகள் என்பதும், அவற்றுள் ஒன்றுகூட உங்களுக்குச் சும்மா கடந்து போகவில்லை என்பதும் குடியை விட்டவர்களுக்கு ஆலோசனை சொல்லும் தொழிலில் இருக்கும் எனக்குத் தெரியும். ஆகவே நான் வாழும் திருகோணமலைக்கு வரலாமா என்ற உங்கள் கேள்வியை ஓர் இடமாற்றக் கேள்வியாக மட்டும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாருங்கள், ஆனால் பிள்ளைகளின் பரீட்சைகள் முடிந்த பின், குடும்பமாக, மைத்துனரிடம் உண்மையைச் சொல்லிவிட்டு வாருங்கள். தனியே வந்து அறை எடுத்துத் தங்கும் யோசனையை இன்றே கைவிடுங்கள்.

ஊர் மாறினால் பழக்கம் மாறுமா என்று கேட்பவர்களிடம், மனம் மாறாமல் இடம் மாறிப் பயனில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவது நம்மிடையே வழக்கம். நான் அப்படிச் சொல்வதில்லை. ஏனெனில் அது பாதி உண்மைதான். 1971ஆம் ஆண்டு வியட்நாமிலிருந்து நாடு திரும்பிய அமெரிக்கப் படையினரை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தொடர்ந்து ஆராய்ந்தார். அவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அங்கே ஹெரோயினுக்கு அடிமையாகியிருந்தார்கள். அவ்வாறு அடிமையானவர்களில் ஊர் திரும்பிய முதலாம் ஆண்டில் மீண்டும் அதே நிலைக்குப் போனவர்கள் சுமார் 5 சதவீதத்தினர்தான். ஹெரோயினை விடுவது எத்தனை கடினம் என்று அறிந்தவர்கள் அந்தக் கணக்கை முதலில் நம்பவே மறுத்தார்கள். இடம் மாறியதும், அந்த இடத்தோடு ஒட்டியிருந்த ஆட்களும் பயமும் வெறுமையும் அகன்றதும் அதற்கு ஒரு முக்கிய காரணம் என்றே இன்றும் கருதப்படுகிறது. எனவே உங்கள் எண்ணம் வீணானதல்ல.

ஆனால் அந்தப் படையினர் தங்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள் என்பதைக் கவனியுங்கள். அவர்கள் விட்டுவந்தது அந்நிய இடம். போய்ச் சேர்ந்தது பெற்றோரும் பழைய தோழர்களும் இருந்த ஊர். நீங்களோ வீட்டை விட்டு வெளியே போகத் திட்டமிடுகிறீர்கள். இன்னொரு விடயமும் இருக்கிறது. 2005ஆம் ஆண்டில் வெண்டி வுட் என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும், ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிய மாணவர்களின் அன்றாடப் பழக்கங்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். உடற்பயிற்சி செய்வது, பத்திரிகை வாசிப்பது, தொலைக்காட்சி பார்ப்பது போன்ற சாதாரணப் பழக்கங்கள்தாம் அவை. சூழல் உண்மையில் மாறியபோது பழக்கத்தின் பிடி தளர்ந்தது. ஆனால் பழைய சூழலின் ஒரு துண்டு புதிய இடத்திலும் அப்படியே இருந்தால், உதாரணமாகப் பிறரோடு சேர்ந்து பத்திரிகை வாசித்தவருக்கு அங்கேயும் அவ்வாறே கூட்டு அமைந்தால், பழக்கமும் கூடவே வந்துவிட்டது.

இதனால்தான் உங்கள் கடிதத்தில் சட்டரைப் பற்றிய அந்த ஒரு வரியில் நான் நெடுநேரம் நின்றேன். நீங்கள் ஒரு ஹார்ட்வெயார் கடையிலிருந்து இன்னொரு ஹார்ட்வெயார் கடைக்குப் போகிறீர்கள். பழைய சோனகத் தெருவில் நாள் முழுதும் உங்கள் கையில் ஒட்டும் தின்னர் வாசமும் கிரீஸும் சீமெந்துத் தூசியும் உப்புவெளியிலும் ஒட்டும். இங்கும் ஆணியும் கம்பியும் நிறுத்துக் கொடுத்து, கடைசியாக வந்த ஆளுக்குப் பற்றுச்சீட்டு எழுதி, லாச்சியைப் பூட்டிவிட்டு, கொக்கிக் கம்பியால் சட்டரை இழுப்பீர்கள். அது தகதகவென்று இறங்கித் தரையில் மோதும். குனிந்து பூட்டைப் போடுவீர்கள். அப்போது இங்கும் ஆறு மணிதான். மூளை ஊரின் பெயரை வைத்து ஏங்குவதில்லை. பதினான்கு வருடமாக எந்தச் சத்தத்துக்குப் பின் சாராயம் வந்ததோ, அந்தச் சத்தத்தை வைத்துத்தான் ஏங்குகிறது. நாக்கு வறள்வது உங்கள் மனவுறுதியின் குறையல்ல; உடல் கற்றுக்கொண்ட பாடம் அது. அந்தப் பாடத்தை உடல் மறக்க வேண்டுமானால், அந்தச் சத்தம் பலமுறை கேட்டும் சாராயம் வராமல் போக வேண்டும். அதுவரை, சிறிது காலத்துக்கு அந்தச் சத்தத்திலிருந்து விலகியிருப்பதும் உதவும்.

உப்புவெளி ஒதுங்கிய கிராமம் என்று நினைத்துவிடாதீர்கள். ஏப்ரல், மே தொடங்கி செப்டெம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும் காலத்தில் நிலாவெளி வரைக்கும் உல்லாசப் பயணிகள் நிறைந்திருப்பார்கள். விடுதிகளில் இரவு நெடுநேரம் விளக்கெரியும். மதுபானம் இங்கேயும் கை நீட்டும் தூரத்தில் கிடைக்கிறது. இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. கொட்டாஞ்சேனையில் இருப்பது இங்கே இருக்காது என்ற நம்பிக்கையில் நீங்கள் பெட்டியைக் கட்டக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்படியானால் மாற வேண்டியது முதலில் அந்த ஆறு மணிதான். அதற்குத் திருகோணமலை தேவையில்லை. இந்த வாரமே கொழும்பில் தொடங்கலாம். முதலாளியிடம் பேசுங்கள். 14 வருடம் உழைத்தவரின் வேண்டுகோளுக்கு ஒரு மதிப்பு இருக்கும். காலையில் ஒரு மணித்தியாலம் முன்னதாக வந்து கடையைத் திறந்து, மாலை ஐந்து மணிக்குப் புறப்பட அனுமதி கேளுங்கள். காரணம் சொல்ல வேண்டிய அவசியமில்லை. மகனை வகுப்பிலிருந்து அழைத்து வர வேண்டும் என்று சொல்லலாம். பிறகு உண்மையாகவே போய் அவனை அழைத்து வாருங்கள். பூட்டும் வேலை வேறொருவர் கைக்குப் போகட்டும். நண்பர்கள் நிற்கும் சந்தியைத் தவிர்த்து, ஐந்து நிமிடம் கூடுதலாக நடந்தாலும் வேறு பாதையில் வீட்டுக்குப் போங்கள். ஐந்து மணி முதல் ஏழரை மணி வரை உங்கள் கைக்கும் காலுக்கும் ஒரு வேலை இருக்க வேண்டும். சும்மா இருந்து அடக்குவதைவிட எழுந்து ஏதாவது செய்வது எளிது. இரண்டு மாதங்கள் இப்படிச் செய்து பார்த்தபின் எனக்கு மீண்டும் எழுதுங்கள். திருகோணமலைக்கு வந்தாலும் மைத்துனரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் நிபந்தனை இதுவே: காலைத் திறப்பும் கொள்வனவும் பொருள் ஏற்றி அனுப்புவதும் உங்கள் பொறுப்பு, மாலைப் பூட்டு உங்களுடையதல்ல. மேசன்மார் காலையில்தான் பொருள் எடுக்க வருவார்கள் என்பதால் கடைக்கும் அது நட்டமில்லை.

இனி, உங்களை ஒருவரும் அறியாத ஊர் என்ற ஆசையைப் பற்றிச் சொல்கிறேன். ஆழிப்பேரலைக்குப் பிறகு, 2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மட்டக்களப்பிலிருந்து மூன்று மாதப் பணி என்று சொல்லி ஒரு பையோடு இந்த ஊருக்கு வந்தவள் நான். வந்து இரண்டாம் நாள் மரக்கறி வாங்கப் போன இடத்தில் ஒரு வயதான அம்மா, "பிள்ளை எவடம்? ஆற்றை ஆள்?" என்று கேட்டார். அந்த வாரம் முடிவதற்குள் நான் எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம், யார் வீட்டில் தங்கியிருக்கிறேன் என்பதெல்லாம் அந்தத் தெருவுக்குத் தெரிந்திருந்தது. இது அன்பினால் நடப்பது. ஆனாலும் நடந்தே தீரும். கொழும்பில் மாடி வீட்டில் பக்கத்துக் கதவுக்காரர் யாரென்று தெரியாமல் பத்து வருடம் வாழலாம், இங்கே முடியாது. நீங்கள் உப்புவெளியில் இறங்கும் அன்றே இன்ன கடைக்காரரின் தங்கை புருஷன் என்று அறியப்படுவீர்கள். அறியாத ஊர் என்று நீங்கள் தேடுவது உண்மையில் கொழும்பில்தான் அதிகம் இருக்கிறது.

மறைப்பதில் இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், குடியை விட்டுவிட்டு வேறு மாவட்டத்திலிருந்து இங்கு வந்து குடியேறிய ஒருவர், அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன், எட்டு மாதம் நன்றாக இருந்தார். உறவினர் எவருக்கும் பழைய கதை தெரியாது. ஒரு கலியாண வீட்டில், முந்திய இரவு பந்தல் போட்டு முடித்த களைப்பில், மனைவியின் உறவினர்கள் பாசத்தோடு ஒரு கிளாஸை அவர் கையில் கொடுத்தார்கள். கொடுத்தவர்களில் ஒருவருக்காவது தெரிந்திருந்தால் அந்தக் கிளாஸ் அவரிடம் வந்திருக்காது. அவரால் மறுக்கவும் முடியவில்லை. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். அந்த இரவிலிருந்து திரும்பி வர அவருக்கு இரண்டு வருடங்கள் பிடித்தன.

உங்கள் மைத்துனர் உங்களுக்குச் சம்பளம் தருபவர், ஒருவேளை வீடும் தருபவர், உறவினர், தினமும் முகம் பார்ப்பவர். அவரிடம் மறைத்துக்கொண்டு வாழ்வதற்கு உங்கள் சக்தியில் பாதி செலவாகும். அந்தச் சக்தி வேறு வேலைக்குத் தேவைப்படுகிறது. ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம், அவருக்கு மட்டும் போதும். ஆனால் இதை நீங்களே முந்திக்கொண்டு தொலைபேசியில் சொல்லிவிடாதீர்கள். உங்கள் மனைவி தன் உடன்பிறந்த அண்ணனிடம் இத்தனை வருடம் இதை மறைத்திருக்கிறார். அந்த மறைப்பின் பாரம் அவருடையது. ஆதலால் எப்போது, எப்படி, யார் வாயால் சொல்வது என்பதை அவரே தீர்மானிக்க வேண்டும். அண்ணன் கோபப்படலாம், வேலையையே மறுத்துவிடலாம். அப்படி மறுப்பவரானால், அதை இப்போதே அறிந்துகொள்வது, வீட்டையும் பள்ளிக்கூடத்தையும் விட்டு வந்தபின் அறிவதைவிட மேல்.

உங்கள் மனைவி வேண்டாம் என்று சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டும் என்று சொன்னாரா என்று எழுதவில்லை. மௌனம் சம்மதம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் குடிப்பவர் இருந்த வீட்டில் மௌனம் பெரும்பாலும் தற்காப்பு. எதைச் சொன்னால் எது வெடிக்கும் என்று அளந்து அளந்து பேசிய பெண், ஏழு மாதத்தில் அந்தப் பழக்கத்தை விட்டுவிட மாட்டார். உங்களுக்கு ஆறு மணிச் சத்தம் எப்படியோ, அவருக்கு நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் அப்படி. இந்தப் பயணத்தில் அவர் இழப்பவை அதிகம். தைக்கக் கொடுக்கும் வாடிக்கையாளர்கள் ஒருநாளில் சேர்ந்தவர்களல்ல. அந்த வருமானம்தான் உங்கள் மோசமான வருடங்களில் அடுப்பை எரித்திருக்கும் என்று ஊகிக்கிறேன். இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கும் தாயார், கெட்ட இரவுகளில் பிள்ளைகளோடு ஓடிப்போய் நிற்கக்கூடிய ஒரே வாசலாக இருந்திருக்கலாம். அந்த வாசலை விட்டுவிட்டு வா என்று கேட்கும்போது, இனி அது தேவைப்படாது என்று நீங்கள் வாக்களிக்கிறீர்கள். அவர் அதை நம்புவதற்கு இன்னும் காலம் வேண்டும். அவரைக் குறை சொல்ல இடமில்லை.

ஆகவே அவரிடம், போவோமா என்று கேட்காதீர்கள். போனால் உனக்கு எது பயம் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதிலுக்குச் சமாதானம் சொல்லாமல் இருங்கள். அன்று முடிவு எதுவும் எடுக்க வேண்டாம்.

பிள்ளைகளின் விடயம் தெளிவானது. தரம் 10இல் உங்கள் மகள் மூன்று தொகுதிப் பாடங்களைத் தெரிவுசெய்து படித்துக்கொண்டிருப்பார். இடையில் பாடசாலை மாறினால் அதே பாடங்களுக்குப் புதிய இடத்தில் ஆசிரியர் இருப்பார் என்பதற்கு உத்தரவாதமில்லை. பாதியில் பாடத்தை மாற்றிச் சாதாரண தரப் பரீட்சைக்கு இருத்துவது அவருக்குச் செய்யும் அநியாயம். மகன் அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை எழுதுவார். அது முடிந்து தரம் 6க்கு எப்படியும் பாடசாலை மாறும் வயதில் அவரைக் கொண்டுவருவது எளிது. மகள் உயர்தரத்துக்கு இங்கு சேரலாம். சண்முக இந்து மகளிர் கல்லூரி, புனித மரியாள் கல்லூரி என்று நகரத்துக்குள்ளேயே நல்ல பெண்கள் பாடசாலைகள் இருக்கின்றன.

ஹோம்ஸ், ராஹே என்ற இரு மருத்துவர்கள் 1967இல் வாழ்க்கையில் நேரும் 43 மாற்றங்களுக்கு, அவை மனிதருக்குத் தரும் சுமையைக் கொண்டு புள்ளி வழங்கினார்கள். வாழ்க்கைத் துணையின் மரணத்துக்கு 100. வீடு மாறுவதற்கு 20, பாடசாலை மாறுவதற்கு 20, வேலை நேரமும் நிலைமையும் மாறுவதற்கு 20, வாழும் சூழல் மாறுவதற்கு 25, பழகும் வட்டம் மாறுவதற்கு 18. தனித்தனியே பார்த்தால் சிறியவை. ஒரே மாதத்தில் வந்தால் 103. குடியில்லாமல் ஒரு வருடம்கூட நிறையாத ஒருவர் இவ்வளவையும் ஒரே மூச்சில் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

மைத்துனர் தைப்பொங்கலுக்குள் பதில் கேட்கிறார். கடைக்கு ஆள் வேண்டும் என்பது நியாயமானதே. ஆனால் அது அவருடைய அவசரம், உங்களுடையதல்ல. இடைக்காலத்துக்கு வேறொருவரை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்கள் இந்த மார்கழியில் ஒரு பத்து நாள் விடுமுறை எடுத்து, முடிந்தால் மனைவியோடு, இங்கே வந்து இருந்து பாருங்கள். ஓகஸ்ட்டில் கடற்கரையைப் பார்த்து ஊரைத் தீர்மானிக்க வேண்டாம். மார்கழியில் வாடைக்காற்றும் மழையும் மாறிமாறி அடிக்கும். கடல் கறுத்துக் கொந்தளிக்கும். கட்டட வேலைகள் நின்றுபோவதால் உங்கள் தொழிலில் பகல் முழுதும் சும்மா இருந்து கூரையில் மழை விழும் சத்தத்தைக் கேட்க வேண்டியிருக்கும். அந்தச் சும்மா இருக்கும் பகலை உங்களால் கடக்க முடிகிறதா என்பதுதான் சோதனை. ஓர் அறையில் தனியாக அந்தக் காலத்தைக் கழிப்பதை நினைத்துப் பாருங்கள். அதனால்தான் அந்த யோசனையைக் கைவிடச் சொன்னேன். வந்திருக்கும் நாட்களில் மைத்துனர் வீட்டிலேயே தங்குங்கள். மழை விட்ட மாலையில் கோட்டை வாசலால் கோணேசர் கோயிலுக்குப் போகும் பாதையில் ஏறி நடந்து பாருங்கள். மரங்களின் கீழ் மான்கள் ஈரம் உதறிக்கொண்டு படுத்திருக்கும். மனிதர் பக்கத்தில் போனாலும் எழும்பாது. கீழே டச்சு வளைகுடாக் கரையில் குடும்பங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கும். ஆறு மணியை நிரப்ப இந்த ஊரில் இவை இருக்கின்றன. உங்களுக்கு இவை போதுமா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

பணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் வேலை செய்யும் இடத்தில் 15 பேருக்குக் குறையாமல் பணியாற்றினால், 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, விலகும்போது ஒவ்வொரு சேவை வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் உங்களுக்கு வர வேண்டும். 14 வருடத்துக்கு அது ஏழு மாதச் சம்பளம். மொத்தமாகக் கைக்கு வரும் இவ்வளவு பணம், புது ஊர், பழைய நண்பர்களின் பிரியாவிடை ஆகிய மூன்றும் ஒரே வாரத்தில் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை உங்களிடம் நான் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பணம் மனைவியின் கணக்கில் நேரே விழுமாறு முன்கூட்டியே ஒழுங்கு செய்யுங்கள். பிரியாவிடை வேண்டாம். மைத்துனரிடம் சம்பளத் தொகையையும் ஊழியர் சேமலாப நிதிக்கு அவர் செலுத்த வேண்டிய 12 சதவீதத்தையும் எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். உறவுக்குள் அது எதற்கு என்று விடுபட்ட கணக்குகள்தான் பின்னாளில் மனக்கசப்பாகின்றன.

கிளினிக்கை ஒரு மாதமும் தவறவிட வேண்டாம். இடம் மாறும் போது உங்கள் வைத்தியரிடம் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு ஒரு கடிதம் வாங்கி, கிளினிக் கொப்பியோடு கொண்டுவாருங்கள். மருந்து ஏதும் எடுத்தால், புதிய இடத்தில் பதிவு முடியும் வரைக்கும் போதுமான அளவைக் கேட்டு வாங்குங்கள். பொறுக்க முடியாத இரவு வந்தால், கொழும்பிலோ இங்கோ, 1926 என்ற தேசிய உளநல இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். ஒருநாள் தவறிக் குடித்துவிட்டாலும், மறுநாள் காலையிலேயே கிளினிக்குக்குப் போங்கள்; அடுத்த திகதி வரும் வரை காத்திருக்காதீர்கள்.

இந்தப் பதிலை உங்கள் மனைவியிடமும் வாசிக்கக் கொடுங்கள். அவர் தனியாக எனக்கு எழுத விரும்பினால் எழுதட்டும். அந்தக் கடிதத்தை நான் பிரசுரிக்க மாட்டேன், உங்களுக்கும் காட்ட மாட்டேன். அவருக்கு மட்டும் பதில் எழுதுவேன்.